எட்டு இரவுகளுக்கு ஒரே எண்

1. வாளியும் பஞ்சும்

பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு, வானத்தை அளக்கிற வேலை கிடைத்துவிட்டது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு, அரூர் பஸ் ஸ்டாண்டில் சித்தேரி பஸ் பிடித்து மலையேறினேன். அங்கிருந்த வானாய்வு நிலையத்தின் பொறுப்பாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு பிளாஸ்டிக் வாளியையும் ஒரு பஞ்சுச் சுருளையும் கையில் கொடுத்தார்.

“இன்னைக்குக் கண்ணாடி கழுவுற நாள். டிஸ்டில்ட் வாட்டர ஊத்து. பஞ்ச நனைச்சு அதும்பாட்டுக்கு மேலாப்புல இழுத்துக்கிட்டே வா. அழுத்தித் தேய்ச்சயின்னு வெச்சுக்க, உன்னைய இந்த மலையிலிருந்தே உருட்டி வுட்டுருவேன்.”

தொலைநோக்கி என்றால் குழாய், லென்ஸ் என்று நினைத்துப் போனவனுக்கு அன்றுதான் தெரிந்தது, அது ஒரு குழிவான கண்ணாடி, அதன் மேல் பூசிய ஒரு மெல்லிய அலுமினியப் பூச்சு, அவ்வளவுதான் என்று. சாம்பல், தூசி, பனி எது பட்டாலும் பூச்சு கெட்டுப் போகும். மறுபூச்சுக்குக் கண்ணாடியைக் கழற்றி லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும், மாதக்கணக்கில் வேலை நிற்கும். ஆகவே எங்கள் நிலையத்தில் கண்ணாடிதான் குலதெய்வம். நாங்கள் பட்டினி கிடந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகக் கூடாது. முப்பது வருடத்துக்கு மேல் இந்தப் பயத்தோடுதான் வேலை பார்த்தேன். நல்ல பயம்தான். ஆனால் என்னைக் கெடுத்ததும் அதுதான்.

2. எங்கள் வேலை என்ன

அரூர் கடைத்தெருவில் என்னைத் தெரிந்தவர்கள் பாதிப் பேர், நான் மலை மேல் ஜோசியம் பார்ப்பதாகவே நினைத்தார்கள். “சார், பாப்பாவுக்கு ரேவதி நட்சத்திரம். பொருத்தமா ஒண்ணு அங்கிருந்தே பாத்துச் சொல்லுங்க” என்று ஒரு உரக்கடைக்காரர் உண்மையாகவே கேட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு டீ குடித்துவிட்டு வந்தேன்.

நாங்கள் பார்த்தது செபீட் என்கிற துடிக்கும் நட்சத்திரங்களை. இவை சீராக மங்கிப் பிரகாசிக்கும். ஒரு துடிப்புக்கு எத்தனை நாள் ஆகிறது என்று தெரிந்தால், அதன் அசல் வெளிச்சம் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். அசல் வெளிச்சம் தெரிந்த விளக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்று பார்த்தால் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போடலாம். நம் பக்கத்துச் செபீட்களை வைத்து இந்தக் கணக்கைச் சரிபார்த்து, பிறகு தூரத்து அண்டங்கள் என்கிற கேலக்ஸிகளில் இருக்கும் செபீட்களுக்குப் போய், அங்கிருந்து இன்னும் தூரம் போய், பிரபஞ்சம் எவ்வளவு வேகமாக விரிகிறது என்று கண்டுபிடிப்பார்கள். அடிப்படியில் நாங்கள் தப்பு செய்தால் மேல்படி வரை தப்பு போகும்.

இதில் பெரிய தலைவலி தூசி. நட்சத்திரங்களுக்கு நடுவே மிதக்கும் தூசி, வெளிச்சத்தை மங்கவும் வைக்கும், சிவக்கவும் வைக்கும். சாயங்காலம் கரும்புக்காட்டுக்கு மேல் இறங்குகிற சூரியன் சிவந்து தெரிகிறதே, அதே சங்கதி. எனவே பச்சை கலந்த மஞ்சளுக்கு ஒரு ஃபில்டர், சிவப்பைத் தாண்டிய நிறத்துக்கு இன்னொரு ஃபில்டர் என்று இரண்டிலும் அளப்போம். நட்சத்திரம் இருக்க வேண்டியதைவிட எவ்வளவு சிவந்திருக்கிறது என்று பார்த்து, அதை ஏறக்குறைய ஒன்றரையால் பெருக்கி, தூசி தின்ற வெளிச்சத்தைக் கணக்கில் திருப்பிச் சேர்ப்போம். சிவப்பில் துளி தப்பு வந்தால் வெளிச்சத்தில் ஒன்றரைத் துளி தப்பு வரும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் நம் தலைக்கு மேலிருக்கும் காற்று தின்றதைக் கழிக்க வேண்டும். அதற்குத்தான் ஸ்டாண்டர்ட். வெளிச்சமும் நிறமும் ஏற்கெனவே நிச்சயமாகத் தெரிந்த நட்சத்திரங்களை அப்படிச் சொல்வோம். உச்சியில் ஒன்று, அடிவானத்துக்குப் பக்கத்தில் ஒன்று அளந்தால், அன்றைய காற்று எவ்வளவு தின்கிறது என்று ஒரு எண் கிடைக்கும். ஒவ்வொரு இரவும் அந்த எண் மாறும். மாற வேண்டும்.

தொலைநோக்கியை மூடியிருக்கும் எங்கள் டோமுக்கு இரண்டு கதவு. மேல் ஷட்டர் மோட்டாரில் திறக்கும். கீழ் ஷட்டரைக் கையால் சுற்றித்தான் திறக்க வேண்டும். செபீட்களுக்கு மேல் ஷட்டர் போதும், தாழ்வான ஸ்டாண்டர்டைப் பார்க்கக் கீழ் ஷட்டர் திறந்தாக வேண்டும்.

3. தமிழரசி மேடம்

நான் ஓய்வு பெற மூன்று வருடமும் சில மாதமும் இருக்கும்போது தமிழரசி மேடம் வந்தார். கடத்தூர்க்காரர். வெளிநாட்டில் ஆராய்ச்சி முடித்துவிட்டு, ஒரு திட்டத்தின் கீழ் ஒப்பந்த விஞ்ஞானியாக எங்கள் நிலையத்துக்கு வந்தவர். நிரந்தர வேலை இல்லை. மூன்று வருடம் முடிந்ததும் ஒரு கமிட்டி உட்கார்ந்து, வைத்துக்கொள்ளலாமா அனுப்பலாமா என்று முடிவு செய்யும். நான் அவரை மேடம் என்பேன். அவர் என்னை அண்ணா என்பார். வந்த முதல் வாரமே மெஸ்ஸில் களியும் கீரையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதால் சமையல்காரருக்கு அவர் மேல் ஏகப் பிரியம்.

ஒரு நாள் மதியம் அவரிடமே கேட்டேன், இந்த மலையில் உட்கார்ந்து இத்தனை சின்னத் தொலைநோக்கியில் என்ன கிழித்துவிட முடியும் என்று.

“அண்ணா, உலகம் பூரா ரெண்டு கட்சியா நிக்குறாங்க. நம்மள மாதிரி நட்சத்திரம் புடிச்சு அளக்குறவங்களுக்கு விரிவு வேகம் எழுபதுக்கு மேல வருது. பிரபஞ்சம் கொழந்தையா இருந்தப்ப வந்த வெளிச்சத்த வெச்சுக் கணக்குப் போடுறவங்களுக்கு எழுபதுக்குக் கீழ வருது. ரெண்டுல ஒருத்தர் எங்கியோ தப்பு பண்ணியிருக்கணும், இல்லாட்டி நமக்குத் தெரியாத புது விஷயம் ஏதோ இருக்கணும். தப்பு இருந்தா தூசியிலயும் நெறத்துலயும்தான் இருக்கும்னு நெறையப் பேருக்குச் சந்தேகம். தெக்கால இருக்குற செபீட்டுங்கள பூமிக்கு வடக்கால இருக்குற நாட்டுக்காரங்களால ஒழுங்காப் பாக்க முடியாது. நம்மளால முடியும். பெரிய கண்ணாடி தேவையில்லைண்ணா. கவனம்தான் தேவை.”

பிறகு சொன்னார்: “எனக்கு நட்சத்திரத்தவிட ஸ்டாண்டர்டுதான் முக்கியம். தாழ்வா இருக்குறதையும் தெனமும் எடுத்துருங்க. அது இல்லாட்டி நம்ம ஊருக் காத்தப் போயி வானத்துத் தூசின்னு நெனச்சுக்குவேன்.”

“அதுக்குத்தானுங்க மேடம் நாங்க இருக்கறம்” என்றேன். பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன்.

4. தோகை

இரண்டு வருடம் ஒழுங்காகத்தான் போயிற்று. மூன்றாம் வருடம் பங்குனியில், தெற்கு நட்சத்திரங்கள் நன்றாகத் தெரிகிற சமயத்தில், கீழே சமவெளியில் கரும்பு வெட்டி முடித்து, காய்ந்து கிடந்த தோகை இலைக்குத் தீ வைத்தார்கள். எல்லா வருடமும் வைப்பதுதான். அந்த வருடம் வெட்டு ஆள் கிடைக்காமல் தள்ளிப்போய், எல்லோரும் ஒரே சமயத்தில் கொளுத்தினார்கள். கருகிய தோகைச் சுருள் மலை மேல் வரை பறந்து வந்தது. காயப்போட்ட வேட்டியில் கரி ஒட்டியது.

சித்தேரிக்காரர் முனியப்பன் எங்கள் மெக்கானிக். அவர்தான் கீழ் ஷட்டரைச் சுற்றித் திறப்பவர். கைப்பிடியில் கை வைத்தபடியே நின்றார்.

“சார், காத்து கீழருந்து இந்தப் பக்கமாத்தான் ஏறுதுங்க. இதத் தொறந்தா சாம்பல் பூராக் கண்ணாடி மேலதான் வந்து குந்தும். தொறக்கட்டுங்களா?”

என் மனதில் வாளியும் பஞ்சும்தான் வந்தன. “வேண்டாம் வுடுங்க. மேல் ஷட்டர மட்டும் தொறங்க” என்றேன்.

இதுவரை நான் செய்தது தப்பு இல்லை. என் இடத்தில் யார் இருந்தாலும் கண்ணாடியைத்தான் காப்பாற்றியிருப்பார்கள். மூடிய கதவு வழியாகத் தாழ்வான ஸ்டாண்டர்டைப் பார்க்க முடியாது. பார்க்காவிட்டால் அன்றைய காற்று எண் கிடைக்காது. அப்படிப்பட்ட இரவில் போன பருவத்தின் சராசரி எண்ணை லாக் புக் என்கிற பதிவேட்டில் எழுதி, பக்கத்தில் ‘சராசரி’ என்று குறிப்பது எங்கள் வழக்கம். குறித்தால், மேடம் அந்த இரவைத் தனியாக ஒதுக்கி வைத்துவிடுவார்.

நான் எண்ணை எழுதினேன். சராசரி என்று குறிக்கவில்லை.

ஏன் குறிக்கவில்லை? இதைப் பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். அந்த வருடம் நல்ல இரவுகளே குறைவு. மேடத்தின் திட்டம் முடிய சில மாதம்தான் இருந்தது. ஒதுக்கிவிட்டால் பாவம், அவருக்கு என்ன மிஞ்சும் என்று நினைத்தேன். உதவி செய்கிறேன் என்று நினைத்தேன்! அதோடு, பொறுப்பாளர் காலையில் வந்து ‘ஏன் அளக்கல’ என்று குடைவாரே என்கிற சோம்பலும் இருந்தது. இரண்டில் எது பெரியது என்று இன்றைக்கு வரை என்னால் சொல்ல முடியவில்லை. முதல் இரவு எழுதியாகிவிட்டது. இரண்டாம் இரவு குறித்தால் முதல் இரவைப் பற்றிக் கேள்வி வரும். அப்படியே எட்டு இரவுகள் எழுதினேன். எட்டுக்கும் ஒரே எண், மூன்று தசமம் வரை.

ஒரு மாதம் கழித்து மேடம் என் மேசைக்கு வந்தார். “அண்ணா, பங்குனியில எட்டு ராத்திரிக்கும் ஒரே நம்பரா இருக்கே. அப்புடி வருங்களா?”

“காத்து நல்லா செட்டாயிருச்சுங்க மேடம். சில வருஷம் அப்புடி அமையும்” என்றேன்.

முப்பது வருடம் வேலை பார்த்தவன் சொல்கிறான் என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

5. கைதட்டல்

அவருடைய விடை வந்தது. எழுபதுக்கு மேல் நிற்கிற நம் கட்சிக்காரர்களின் எண்ணைவிடக் குறைவாக, இரண்டு கட்சிக்கும் நடுவில் வந்து விழுந்தது. சண்டையே தீர்ந்துவிடும் போல் இருந்தது. தலைமை அலுவலகத்தில் அவரைப் பேச அழைத்தார்கள். நின்று கைதட்டினார்களாம். திரும்பி வரும்போது எங்கள் எல்லோருக்கும் மைசூர் பாகு வாங்கி வந்தார். கட்டுரையின் கடைசியில் எனக்கும் முனியப்பனுக்கும் பெயர் சொல்லி நன்றி போட்டிருந்தார். என் பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை. பெட்டியில் பத்திரமாக வைத்தேன், வெட்கமில்லாமல்.

கொஞ்ச நாளில் வெளிநாட்டுக் குழு ஒன்றிடமிருந்து கடிதம் வந்தது. அதே நட்சத்திரங்களை விண்வெளியிலிருந்து, காற்றே குறுக்கே வராமல், அவர்கள் அளந்திருக்கிறார்கள். உங்கள் தெற்கு நட்சத்திரங்கள் எல்லாம் எங்கள் அளவைவிடக் கொஞ்சம் சிவந்திருக்கின்றன, ஏன் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள்.

படித்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. தோகைப் புகை நட்சத்திரத்தைச் சிவக்க வைத்திருக்கிறது. போன பருவத்துச் சுத்தமான காற்றின் எண்ணைப் போட்டதால், அந்தச் சிவப்பு கழியவில்லை. அதை வானத்துத் தூசி என்று எடுத்துக்கொண்டு, ஒன்றரையால் பெருக்கி, இல்லாத வெளிச்சத்தை நட்சத்திரத்துக்குச் சேர்த்திருக்கிறார் மேடம். புகை தின்ற வெளிச்சத்தைவிடச் சேர்த்தது அதிகம். விளக்கு அசலைவிடப் பிரகாசமானது என்று ஆகிவிட்டால், தூரத்து அண்டங்கள் இன்னும் தூரம் என்று ஆகும், விரிவு வேகம் குறைந்து வரும். அரூர் கரும்புக்காட்டுப் புகை பிரபஞ்சத்துக்கே பிரேக் போட்டுவிட்டது. வேறு யாருக்காவது நடந்திருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

6. கமிட்டி

திட்டம் முடிகிற மாதம் கமிட்டி மலைக்கே வந்தது. மூன்று பேர். தப்பு அளவையிலா, மேடம் போட்ட நிறக் கணக்கிலா என்பதுதான் கேள்வி. அளவை என்றால் அந்த இரவுகளை நீக்கிவிட்டு அவர் தொடரலாம். கணக்கு என்றால் அவர் வேலை அதோடு போயிற்று. எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். எனக்கு ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது.

தலைவர் லாக் புக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: “மிஸ்டர் கோவிந்தன், இந்த எட்டு நைட்டும் ஸ்டாண்டர்ட்ஸ் எடுத்தீங்களா?”

மேடம் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

“லாக் புக்ல இருக்குதுங்க சார்” என்றேன்.

பொய் சொல்லவில்லை பாருங்கள். எண் லாக் புக்கில் இருந்தது. அவ்வளவு சாமர்த்தியம் எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. தலைவர் தலையாட்டினார். கட்டுரையைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். ‘நிறத் திருத்தத்தில் ஏற்பட்ட பிழை, பொறுப்பு என்னுடையது’ என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை.

அன்று மாலை முனியப்பன் என் அறை வாசலில் வந்து நின்றார். “ஏனுங்க சார், தோகை எரிஞ்சப்ப நாம கீழ்க் கதவத் தொறக்கவே இல்லீங்களே? அத ஏனுங்க சொல்லல?”

“உங்க வேலையப் பாருங்க முனியப்பன்” என்று கத்தினேன். அதன் பிறகு அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. மேடம் கிளம்பிய அன்று, பெட்டியைப் பஸ் வரை தூக்கிப் போனவர் அவர்தான். நான் டோமுக்குள் ஏதோ வேலை இருப்பது போல நின்றுகொண்டேன்.

7. கடிதம்

ஓய்வு பெற்றேன். சால்வை போட்டார்கள், நேர்மையான ஊழியர் என்று பேசினார்கள். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறம் வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. “சர்க்கரையான்னு ஆஸ்பத்திரில பாத்துக்குங்க” என்றாள் மனைவி. சர்க்கரை இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும், ஒரு நாள் அரூர் பஸ் ஸ்டாண்டில் முனியப்பனைப் பார்த்தேன். நானே போய்ப் பேச்சுக் கொடுத்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “மேடம் இங்கதாங்க ஒரு காலேஜ்ல பாடம் எடுக்குறாங்க. போயிப் பாத்துருங்க சார். எனக்கே தூக்கம் வர்றதில்லீங்க.”

அன்றே உட்கார்ந்து எழுதினேன். எட்டு இரவுகளின் தேதி, கீழ் ஷட்டர் மூடியிருந்தது, தாழ்வான ஸ்டாண்டர்ட் எடுக்கவில்லை, எழுதியது போன பருவத்தின் சராசரி, குறிக்காமல் விட்டது நான், கேட்டபோது மறைத்ததும் நான். கீழே கையெழுத்து. ஒரு பிரதியைத் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு காலேஜுக்குப் போனேன்.

ஸ்டாஃப் ரூமில் மேடம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். “வாங்கண்ணா, ஒக்காருங்க” என்றார். காபி வேண்டுமா என்று கேட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார்.

“தெரியும்ணா.”

“எப்பங்க மேடம்?”

“அந்த வெளிநாட்டுக் கடுதாசி வந்த அன்னைக்கே. எட்டு ராத்திரி வானம் ஒரே மாதிரி நிக்காது. நான் மொதல்லயே நல்லாக் கேட்டிருக்கணும். விடை நல்லா இருந்துச்சு, உங்க வார்த்தைய நம்புறது சௌகரியமா இருந்துச்சு. அது என் தப்பு.”

“அப்பறம் ஏனுங்க கமிட்டில சொல்லாம வுட்டீங்க?”

“என்னன்னு சொல்றதுண்ணா? லாக் புக்ல அளந்ததா எழுதிருக்கு. எழுதுன மனுசன் எதிர்ல ஒக்காந்துக்கிட்டு, லாக் புக்ல இருக்குன்னு சொல்றாரு. காரணம் இல்லாம எட்டு ராத்திரியத் தூக்கிப் போட்டா, தனக்கு வேணும்ங்கிற விடைக்காக வெட்டுறான்னுதான சொல்லுவாங்க? காரணம் உங்ககிட்டதாண்ணா இருந்துச்சு. அந்த ரூம்ல உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தேன். இப்பச் சொல்லிருவாரு, இப்பச் சொல்லிருவாருன்னு.”

மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் விடைத்தாள்களை ஓரமாகத் தள்ளினார். பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தார். பழைய கோப்பைத் திறந்து, என் கடிதத்தில் இருந்த தேதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து அந்த இரவுகளை நீக்கினார். கணக்கை ஓடவிட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண் வந்தது. எழுபதைத் தாண்டி, நட்சத்திரம் அளக்கிற மற்ற எல்லோருக்கும் வந்த இடத்திலேயே வந்து நின்றது. பிழை வரம்பு கொஞ்சம் கூடியிருந்தது, அவ்வளவுதான்.

“கணக்குச் சரியாத்தான் இருந்திருக்கு” என்றார். என்னிடம் சொல்லவில்லை.

மணி அடித்தது. “செகண்ட் இயர் கிளாஸுங்கண்ணா” என்று லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போனார்.

தலைமை அலுவலகத்திலிருந்து பிறகு இரண்டு வரியில் பதில் வந்தது. திட்டம் முடிந்துவிட்டதால் கடிதம் கோப்பில் சேர்க்கப்பட்டது என்று. இன்னொரு தடவை எழுதியிருக்கிறேன். அதற்குப் பதில் இல்லை.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கண்ணாடியைக் காப்பாற்றக் கதவை மூட வேண்டி வரும், மூடுங்கள். அளக்காத எண்ணை மட்டும் அளந்த மாதிரி எழுதாதீர்கள். எழுதித் தொலைத்துவிட்டீர்கள் என்றால், ஒருவர் நேருக்கு நேர் கேட்கும்போதாவது வாயைத் திறந்துவிடுங்கள். நானும் திறந்தேன், காலம் கடந்து. எட்டு இரவுகளை நீக்கிக் கணக்கைத் திரும்பப் போட மேடத்துக்கு இருபது நிமிடம் ஆயிற்று. அந்த இருபது நிமிடத்துக்காக அவரை நான் ஒன்றரை வருடம் காக்க வைத்தேன். அதற்குள் அந்த எண்ணைப் போய்க் காட்ட அவருக்கு ஓர் இடம் இல்லாமல் போயிற்று.